மரப்பிடித் திருப்புளி

குன்னூர் மார்க்கெட்டில் லிங்கசாமியின் ஹார்டுவேர் கடைக்கு மனோகரன் வந்தால், லிங்கசாமி முதல் வேலையாக டேபிள் ஃபேனைப் போட்டுவிடுவார். குன்னூர்க் குளிரில் ஃபேன் எதற்கு என்று கடைக்குப் புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். அது காற்றுக்காகப் போடுவதில்லை, மனோகரனுக்காகப் போடுவது. கடையில் இருக்கிற நீளத் திருப்புளிகளை மனோகரன் ஒன்றொன்றாக எடுப்பார். நுனியை ஓடுகிற ஃபேனின் முதுகில் வைத்து, பிடியின் அடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் பிடியைப் பல்லால் கடித்துப் பார்ப்பார்.

"ஏனுங்க மனோகரு, கரும்பு வாங்க வந்தீங்களா, ஸ்க்ரூ டிரைவர் வாங்க வந்தீங்களா? எச்சி பண்ணுனதை நான் யாருக்குங்க விக்கறது?" என்பார் லிங்கசாமி. சொல்வாரே ஒழியத் தடுத்ததில்லை. அன்னூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவருக்கு ஆளுக்கு ஒரு கிறுக்கு உண்டு என்பது தெரியும். போதாததற்கு, மனோகரன் கடித்து வாங்கிய திருப்புளி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஒரு திருப்புளியில் இவ்வளவு பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாதவர்களாக இருக்க வேண்டும். கை நுழையாத இடத்தில், மெஷினின் வயிற்றுக்குள், ஸ்க்ரூக்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே போக ஒரு முழ நீளக் கம்பி வேண்டும். நீளம் மட்டும் இருந்தால் ஆகாது. நுனி, ஸ்க்ரூவின் பள்ளத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். சின்னதாக இருந்தால் பள்ளம் வழுவழுவென்று தேய்ந்துபோகும், அப்புறம் அந்தச் சாமியே வந்தாலும் கழற்ற முடியாது. கம்பி மெலிந்திருந்தால் அழுத்தும்போது வளைந்து, நழுவி, இன்னொரு கையைக் கிழிக்கும். மனோகரனின் இடது உள்ளங்கையில் அதற்கு ஒரு தழும்பு சாட்சியாக இருக்கிறது. இதெல்லாம் எந்த ஃபிட்டரும் பார்ப்பதுதான். மனோகரன் அதற்கு மேலும் ஒன்று பார்ப்பார். கம்பி, பிடிக்குள் பாதியோடு நின்றுவிடக் கூடாது. மரப்பிடியை ஊடுருவிக் கடைசிவரை வந்து, அடியில் ஒரு பொட்டு அளவுக்கு எஃகு வெளியே தெரிய வேண்டும். அப்படிப்பட்டதைக் கரண்ட் வேலைக்குத் தொடவே கூடாது, ஷாக் நேராகக் கைக்கு வரும். அதற்கு அவர் வேறு வைத்திருந்தார். இது மெஷினைக் கேட்பதற்கு.

மெஷினைக் கேட்பது என்பது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிற ஃபிட்டர்கள் எல்லாருமே செய்வதுதான். ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் நீளத் திருப்புளியின் நுனியை வைத்து மறுமுனையில் காதை வைத்தால், உள்ளே குண்டுகள் சுற்றுவது கேட்கும். சீராகச் சுற்றுகிறதா, எங்காவது உராய்கிறதா என்பது வெளியே தெரியாது, அங்கே தெரியும். ஆகவே மனோகரன் திருப்புளியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்றவர்கள் காதில் வைத்தார்கள், அவர் எலும்பில் வைத்தார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்குள்தான் அவர் ஒரு முழுப் பூசணிக்காயை மறைத்து வைத்திருந்தார்.

மனோகரனுக்குக் காது கேட்காது.

பிறவியில் வந்த குறை இல்லை. அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு நாலு வயது. மண்டபம் முகாமில் இரண்டு காதிலும் சீழ் கட்டியது. அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வலி போனது, சீழ் போகவில்லை; வருஷா வருஷம் மழைக்காலத்தில் வடிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் பாதியாவது கேட்டது. அதை வைத்துப் பத்தாவது படித்தார், கோத்தகிரி ரோட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டரானார், விஜயாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார், இந்துமதி என்று ஒரு பெண்ணையும் பெற்று வளர்த்துக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். கடைசி ஆறு வருஷத்தில்தான் அந்தப் பாதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எலும்பு வழியாக வருவது மட்டும் பழையபடி கேட்டது.

செவிடர்கள் கத்திப் பேசுவார்கள் என்று ஊரில் நினைப்பு. மனோகரன் முன்னைவிட மெல்லப் பேசினார். அவருடைய குரல் அவர் எலும்பிலேயே ஒலித்ததால், ஊருக்கும் அது கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார். இதனாலும் யாருக்கும் தெரியவில்லை. அத்தோடு ஃபேக்டரி என்பது எல்லாருமே செவிடாக இருக்கிற இடம். ரோலரும் டிரையரும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாரும் கையால் பேசுவார்கள், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், அவசரம் என்றால் சாக்பீஸால் மெஷின் மேலேயே எழுதிக் காட்டுவார்கள். அங்கே மனோகரனும் மற்றவர்களும் ஒன்று. சொல்லப்போனால் அவர்தான் ஒரு படி மேல். காதில் சத்தம் அடைக்காததால், மற்றவர்களுக்குக் கேட்காத உராய்வெல்லாம் அவருக்கு எலும்பில் கேட்டது.

வெளியே வந்தால்தான் தொல்லை. போன வருஷம் வேலை முடிந்து தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் பத்தடியில் ஒரு காட்டுமாடு சீறிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலே ரோட்டிலிருந்து ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். மனோகரன் திரும்பியும் பார்க்காமல், வெற்றிலையை மென்றபடி அதே நடையில் நடந்து வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த எஸ்டேட்டில் அவர் பெரிய தைரியசாலி. விஷயம் தெரிந்தபின் இரண்டு நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது, அதை யாரிடம் சொல்வது?

ஏன் மறைத்தார் என்று கேட்கலாம். பாய்லர் பார்த்த பொன்ராஜுக்குக் கண் மங்கியபோது, மெஷின் பக்கம் வர வேண்டாம் என்று களை பிடுங்க அனுப்பினார்கள். தப்பு என்று சொல்ல முடியாது; சுற்றுகிற பெல்ட்டுக்கு நடுவே அரைக் கண்ணோடு ஒரு ஆளை எப்படி விடுவது? ஆனால் பொன்ராஜ் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை, எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். காது கேட்காத ஃபிட்டரையும் அதே தராசில்தான் வைப்பார்கள் என்பது மனோகரனுக்குத் தெரியும். மெஷின் போனால் வீடு போகும். அதைவிட, மெஷின் போனால் உலகத்தில் அவருக்குக் கேட்கிற ஒரே சத்தமும் போய்விடும்.

விஜயாவிடமாவது சொல்லியிருக்கலாம். விஜயா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், நாலு பேரோடு பழகுகிறவள். அவள் வாயில் ரகசியம் நிற்காது என்று சொன்னால் அது பொய். அவள் கவலைப்படுவாள் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், அதுவும் பாதிப் பொய். கட்டின பெண்டாட்டி முன்னால் குறைப்பட்டு நிற்கக் கூச்சம். அவ்வளவுதான், இதற்குப் பெரிய காரணமெல்லாம் தேட வேண்டியதில்லை. முதல் மாதம் சொல்லவில்லை. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டில் அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாளா, ஒரு "ம்". துணி உலர்த்திக்கொண்டே பேசினாளா, அதற்கும் ஒரு "ம்". இந்துமதி போன் பண்ணினால் "அம்மாகிட்ட பேசும்மா" என்று கொடுத்துவிடுவார். பால் கறந்துகொண்டிருந்த ஆட்டை விற்றுவிடலாமா என்று விஜயா கேட்டதற்கு ஒரு நாள் "ம்" சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, மறுநாள் ஆடு இல்லை. "உங்ககிட்ட பேசறதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்" என்று அவள் சொல்கிறபோது உதடு தெளிவாகத் தெரிந்துவிடும். கண்டுபிடித்துவிட்டாளோ என்று மனோகரன் அவள் முகத்தை ஆராய்வார். அவளோ ஒன்றும் அறியாமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்து மழையில், விஜயாவின் அம்மா இறந்துபோனாள். மனோகரன் வாசற்படியில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஜயா உள்ளேயிருந்து வந்து அவர் எதிரில் நின்று, அம்மா போய்விட்டாள் என்று இரண்டே வார்த்தையில் சொன்னாள். முகம் வீங்கியிருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. அவர் மிக்ஸியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். வண்டி பிடித்து, முன்னால் நின்று, பதினாறாம் நாள் காரியம்வரை ஒரு குறையில்லாமல் எல்லாம் செய்தார். அதற்குப் பிறகு விஜயா அவரிடம் பேசுவது பாதியாகக் குறைந்தது. பெற்ற தாய் போன துக்கம், ஆற நாளாகும் என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால், "ம்" சொல்ல வேண்டிய வேலை பாதியாகக் குறைந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. பாவி மனுஷன், அப்படி நினைத்ததற்குப் பின்னால் ரொம்ப வெட்கப்பட்டார்.

வருஷத்தில் ஒரு நாள்தான் அவருக்கு ஃபேக்டரியிலும் பயம். அது ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷின் எல்லாம் நிற்கும். கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு எல்லாரும் வந்து நின்று சாவகாசமாகப் பேசுவார்கள். அந்த நிசப்தத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மனோகரன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பொரி கடலைத் தட்டை முதலிலேயே கையில் எடுத்துக்கொள்வார். தட்டோடு நிற்கிறவனிடம் யாரும் கதை பேசுவதில்லை, கையை மட்டும்தான் நீட்டுவார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு விஜயா செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். தீபாராதனை முடிந்ததும் எடுத்து அவர் கையில் கொடுத்து, பிரித்துப் பாருங்கள் என்று சைகை காட்டினாள். புதுத் திருப்புளி. பதினைந்து அங்குலம். சிவப்பும் கறுப்புமாக ரப்பர்ப் பிடி, கைக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. நுனியில் காந்தம் வேறு. லிங்கசாமி பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தாராம். கடையில் இருந்த அவர் சம்சாரம் கனகமணி, இருப்பதிலேயே உசத்தி இதுதான் என்று எடுத்துக் கொடுத்தாளாம். இதையெல்லாம் விஜயா எதிரில் நின்று சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதால் மனோகரன் ஒரு உதட்டசைவையும் விடாமல் பார்த்தார். அவர் இருபது வருஷமாக வைத்திருந்த பழைய திருப்புளியின் பிடி விரிசல் விட்டு, டேப் சுற்றி, கையைக் கிழித்துக்கொண்டிருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள். பாராமுகமாக இருக்கிற புருஷனுக்கு இவ்வளவு தூரம் போய் வாங்கி வந்திருக்கிறாளே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விஜயதசமி. எஸ்டேட்டில் கொழுந்துக்காரர்களுக்கு லீவு, ஃபேக்டரிக்கு இல்லை. முந்தின சாயங்காலம் வந்து இறங்கிய இலை வாட்டுத் தொட்டியில் பரப்பிக் கிடந்தது. காலையில் எலுமிச்சம்பழம் நசுக்கி மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாகத்தான் ஓடின, டிரையருக்குச் சூட்டுக் காற்றைத் தள்ளுகிற பெரிய ஃபேனைத் தவிர. அதன் மேல் உள்ளங்கையை வைத்ததும் மனோகரனுக்கு ஏதோ உறுத்தியது. வழக்கமான அதிர்வு இல்லை, நடுவில் ஒரு விக்கல் இருந்தது. உதவி இன்ஜினியர் சந்துரு வந்து, என்ன என்று கையை விரித்தான். கோயம்புத்தூர்ப் பையன், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. படித்தவன் என்றாலும், மனோகரன் தலையசைக்காமல் ஸ்விட்சைத் தொட மாட்டான்.

மனோகரன் பைக்குள் கைவிட்டார். பழைய திருப்புளி இல்லை. அதன் இடத்தில் புதியது இருந்தது. விஜயா மாற்றி வைத்துவிட்டாள் என்று புரிந்தது. சரி என்று புதியதை எடுத்து நுனியைப் பேரிங் மேல் வைத்தார், பிடியை எலும்பில் அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. கம்பி பிடிக்குள் பாதியோடு நின்றுவிட்டது, மிச்சத்தை ரப்பர் விழுங்கிவிட்டது. பல்லால் கடித்துப் பார்த்தார், புது ரப்பர் வாசனைதான் வந்தது. மூலையில் கிடந்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வைத்துப் பார்த்தார். சத்தம் வந்தது, ஆனால் அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று பிடிபடவில்லை. இருபது வருஷமாக ஒரே கம்பி வழியாக அந்த ஃபேனைக் கேட்டவருக்கு, வேறு கம்பியில் அது யாரோ ஒரு அந்நியனின் பேச்சாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மனோகரன் ஃபேக்டரிக்குள் செவிடாக நின்றார்.

தொடர்ந்து ஓட்டலாமா என்று சந்துரு கட்டை விரலை உயர்த்திக் கேட்டான். இலை காத்துக்கிடந்தது, நேரம் போனால் புளித்துப்போகும். தலையை ஆட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. பேரிங் நன்றாக இருந்தால் பிழைத்தார். இல்லையென்றால் அந்த வேகத்தில் ஷாஃப்ட் முறியும், பக்கத்திலேயே மூன்று பேர் நிற்கிறார்கள். "ம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய கழுத்து அது. ஆனால் மெஷினுக்கு அவர் ஒரு நாளும் பொய்யாக "ம்" சொன்னதில்லை. சாக்பீஸை எடுத்து, 'நிறுத்துங்க. அரை மணி' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினார். பின்னால் சந்துரு கூப்பிட்டிருக்கலாம்.

விஜயா வீட்டுக்குப் பின்னால் மேரக்காய்ப் பந்தலடியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தாள். மனோகரன் மூச்சு வாங்க நின்று, பழைய திருப்புளி எங்கே என்று கேட்டார். அவள் கொடிப்பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். மறுபடி கேட்டார். இந்தத் தடவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஏன், நான் வாங்கிக் குடுத்தது ஆகலையா?"

அவள் முகம் சுண்டிப்போனதை அவர் பார்த்தார். இனி என்ன சொன்னாலும் அவள் கொடுத்ததைக் குறை சொன்னதாக ஆகும். உண்மையைத் தவிர வேறு எதுவும் அவளிடம் எடுபடாது. அது அவருக்கு அந்த நிமிஷம் வெட்டவெளிச்சமாக விளங்கியது.

"உன் சாமானுல ஒரு குத்தமும் இல்ல, விஜயா. குத்தம் எனக்குத்தான். எனக்குக் காது கேக்காது. ஆறு வருஷமாச்சு. எலும்புல வெச்சாத்தான் கேக்கும், அதுக்கு அந்தப் பழசுதான் வேணும்."

விஜயா அவரையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முதலில் பார்த்தாள். அப்புறம் அவள் பார்வை எங்கேயோ பின்னால் போய்விட்டது, ஆறு வருஷத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிற மாதிரி. கையிலிருந்த காய்களைக் கீழே போட்டாள். பந்தலின் மூலைக்குப் போய்க் குனிந்து, மண்மேட்டில் அடித்திருந்த ஒரு முளையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். பழைய திருப்புளி. பந்தல் கம்பியை இழுத்துக் கட்ட அதைக் கல்லால் அடித்து இறக்கியிருக்கிறாள். இருபது வருஷத்து மரப்பிடி இரண்டாகப் பிளந்து டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் பந்தலின் அந்த மூலை காயும் கொடியுமாகச் சாய்ந்து விழுந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. முந்தானையால் மண்ணைத் துடைத்து அவர் கையில் கொடுத்து, போங்கள் என்று தலையாட்டினாள்.

ஃபேக்டரிக்கு வந்து ஃபேனைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டார். பிடியில்லாத வெறும் எஃகு எலும்பில் ஐஸ் மாதிரி பட்டது. ஆனால் சத்தம் அதே பழைய சத்தம், இன்னும் துல்லியமாக வந்தது. உள்ளே ஒரு குண்டு சுற்றவில்லை, இழுபட்டுக்கொண்டிருந்தது. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் உள்கூடு உடைந்து, குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் தாங்கியிருக்காது. ஸ்டோரிலிருந்து புதியதை எடுத்து மாட்டினார்கள்.

மெஷின் நின்றிருந்த அந்த இடைவெளியில் சந்துரு அவரைத் தனியாகக் கூட்டிப் போனான். புது ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கும்போது இதை எடுக்க வீடுவரை ஏன் ஓட வேண்டும் என்று கேட்டான். மனோகரன் காலையில் ஒரு தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. சந்துரு கையிலிருந்த உடைந்த பேரிங்கை ஒரு தடவை உருட்டிப் பார்த்தான். பிறகு அவர் முகத்துக்கு நேராக வந்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"மேனேஜர்கிட்ட இதை மறைக்க முடியாதுங்கண்ணா. இனி ஓடற பெல்ட்கிட்ட நீங்க தனியாப் போகக் கூடாது, கூட ஒரு ஆள் இருக்கோணும். நாளைக்குக் காது டாக்டரைப் பார்க்கலாம், நானே கூட்டிட்டுப் போறேனுங்க. ஆனா மேனேஜர்கிட்ட இதையும் காட்டித்தான் சொல்லுவேன்." அந்தப் பேரிங்கைத் தூக்கிக் காட்டினான்.

மேனேஜர் என்ன சொல்வார் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் மனோகரன் சாயங்காலம் வீட்டுக்கு நடந்தார். பாதையில் நாலு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார், காட்டுமாடு எதுவும் வரவில்லை.

விஜயா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டீ போட்டு மூடி வைத்திருந்தாள். மத்தியானம் முழுக்க அழுத முகம். பந்தல் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் பையிலிருந்து அவளே அந்தக் கம்பியை உருவி எடுத்தாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அவர் தலையைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். கேட்குமா என்கிறாள். மனோகரன் இப்படி ஒன்றை நினைத்துப் பார்த்ததே இல்லை. மெஷினுக்குத்தான் அது என்று ஆறு வருஷமும் இருந்துவிட்டார், மடையன்.

கம்பியைச் சட்டையில் துடைத்தார். தட்டை நுனி குத்தாதபடி விரலால் அணைத்து அவள் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின்மேல் வைத்தார். மறுமுனையைத் தன் எலும்பில் அழுத்திக்கொண்டார். முதலில் அவள் மூச்சு ஏறி இறங்குவது மட்டும்தான் கேட்டது. பிறகு விஜயா பேசினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டதைவிடக் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. வயதாகிவிட்டது அவளுக்கு. அது தனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா செத்த அன்னிக்கு, போன் வந்ததும் அடுப்படியில விழுந்து உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதேன். நீங்க முதுகைக் காட்டிட்டு மிக்ஸியக் கழட்டிட்டு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"கேக்கலையே புள்ள. ஒரு பொட்டுக்கூடக் கேக்கல."

"நான் ரெண்டு வருஷமா அதை நெஞ்சுல வெச்சிருக்கேங்க."

விஜயா நகர்ந்து இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். கம்பி நழுவாமல் இருக்க அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பக் கேக்கல, சரி. இப்பக் கேளுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் அழுத அதே அழுகையை முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், நடுநடுவே அவரையும் கூப்பிட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது, கீழே பள்ளத்திலிருந்து பனிமஞ்சு ஏறி வந்துகொண்டிருந்தது. மனோகரன் கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டாமல், அவள் முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.